பழம்பட்டு விற்கும் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்



கூடத்தில் பாயை விரித்து, பீரோவிலிருந்து எடுத்த பட்டுப்புடவையின் முந்தானையை ஜன்னல் வெளிச்சம் படும்படி அதன்மேல் விசிறிவிட்டு, கைபேசியால் நாலைந்து படம் எடுத்து, அவற்றை வாட்ஸாப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றி, "பிரீ லவ்டு காஞ்சிபுரம், ஒரே முறை கட்டியது, முதலில் பணம் அனுப்புபவருக்கு" என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும் உங்களை உத்தேசித்தே இம்மடலை எழுதுகிறேன். நானும் இதே வியாபாரத்தில் உங்களோடு நிற்பவள். ஆகையால் வெளியே நின்று உபதேசம் செய்பவளின் குரலாக இதைக் கொள்ள வேண்டாம். சில காலமாக நம் குழுக்களில் வாடிக்கைக்காரரின் புகார்களைப் பற்றி நடக்கும் பேச்சு, புகாரைத் தீர்க்கும் வழியை விட்டுவிட்டு, புகார் சொன்னவரின் வாயை அடைக்கும் வழியையே தேடிப் போவது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. எழுதத் தூண்டிய காரணம் அதுவே.

நீங்கள் செய்வது சாமானியமான காரியமன்று. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் கூவி வந்த நாட்களில், நைந்த நூல்சேலைகள் எவர்சில்வர் தூக்குகளாகவும் கிண்ணங்களாகவும் மாறின. பட்டுப்புடவைக்கு வாய்த்ததோ அதனினும் கொடிய கதி. ஜரிகைக்கு விலை பேசுகிறவர் அதைத் தராசில் நிறுத்து வாங்கிப் போய், பட்டை எரித்துச் சாம்பலாக்கி, வெள்ளியை மட்டும் உருக்கி எடுத்துக்கொள்வார். ஒரு நெசவாளியும் அவர் மனைவி மக்களும் நாட்கணக்கில் தறியடியில் உழைத்து, கரையைத் தனி நாடாவால் உடலோடு கோத்துக் கோர்வையாக நெய்த புடவை, ஒரே பிற்பகலில் விரல்நுனியில் அடங்கும் உலோகத் துண்டாகிவிடும். அந்தக் கதியிலிருந்து எத்தனையோ புடவைகளை மீட்டு இன்னொருத்தியின் தோளில் சேர்த்திருக்கிறீர்கள். புதுப்பட்டின் விலையை எண்ணிக் கூடப் பார்க்க இயலாத குடும்பத்துப் பெண், தன் தங்கையின் கல்யாணத்தில் அசல் பட்டுக் கட்டிக்கொண்டு மணையருகே நிற்பது உங்களால்தான். ஆனால் ஒன்று: பிறர் கட்டிய புடவையைக் கட்டினால் தோஷம் ஒட்டும், பீடை வரும் என்ற சங்கோசம் நம் வீடுகளில் இன்னும் முற்றாக விலகவில்லை, மாமியாருக்குத் தெரியாமல் வாங்கி, புதிது என்று சொல்லிக் கட்டுகிறவர்கள் அநேகர். இவ்வளவு தயக்கத்தையும் தாண்டி, முகமறியாத நம்மை நம்பி முன்பணம் அனுப்புகிறவளின் நம்பிக்கைக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை, புதுத்துணிக் கடைக்காரர் செலுத்த வேண்டியதைக் காட்டிலும் அதிகம்.

கடையில் வாங்குபவள் புடவையைத் தொட்டுப் பார்க்கிறாள், விரித்துப் பார்க்கிறாள், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறாள், திருப்தியில்லாவிட்டால் அடுத்த கடைக்குப் படியேறுகிறாள். நம்மிடம் வாங்குபவளுக்கு இவற்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை. மேலும், பழம்புடவைக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு: எத்தனை விசேஷங்களுக்குக் கட்டப்பட்டது, எந்த மடிப்பில் எத்தனை வருஷம் கிடந்தது, பந்தியில் அதன்மேல் என்ன சிந்தியது, யார் எப்படித் துவைத்தார்கள் என்ற அந்தச் சரித்திரத்தை நாம் அறிவோம், அல்லது கேட்டறியக் கூடியவர்களாக இருக்கிறோம், அவள் அறிவது நாம் சொல்வதை மட்டுமே. நமக்கு வரும் புகார்களிற் பெரும்பாலானவை நாம் சொல்லாமல் விட்ட பகுதியிலிருந்தே பிறக்கின்றன என்பது என் திடமான அபிப்பிராயம். ஆதலால், புடவையின் குற்றத்தை வாங்குபவள் கண்டுபிடிப்பதற்கு முன் விற்பவளே கண்டு சொல்லிவிட வேண்டும் என்பதற்கு மேல் எனக்குப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. இனி எழுதுபவை யாவும் அதன் விவரங்களே.

முதலில் மடிப்பு. ஜரிகை கனத்த புடவையை மடிப்பு மாற்றாமல் ஆண்டுக்கணக்காக அடுக்கி வைத்தால், மடிப்புக் கோட்டில் பட்டு இற்றுப்போகிறது. ஜரிகையின் உலோகம் அதே கோட்டில் உராய்ந்து உராய்ந்து இழையை அறுக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராகத் தூக்கி நிறுத்தினால்தான், முந்தானைக்கு ஒரு முழம் தள்ளி, ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் கசியும் வரிசை புலப்படும். அந்த இடத்தை இரு பெருவிரல்களுக்கிடையே பற்றி, மிக மிக லேசாக எதிரெதிரே இழுத்துப் பாருங்கள்: நல்ல பட்டு விறைத்து நிற்கும், இற்றுப்போன பட்டு சிறு சப்தத்தோடு வாய் பிளக்கும். இச்சோதனையை நாம் நம் வீட்டுக் கூடத்தில் செய்யாவிட்டால், கல்யாண மண்டபத்தில் பெரியவர்களை நமஸ்கரிக்க ஒரு பெண் குனியும்போது அது தானாகவே நடந்துவிடும். அன்று அவள் படும் அவமானத்துக்கு நாம் திருப்பிக் கொடுக்கும் கிரயம் ஈடாகாது.

இற்றுப்போன புடவையை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொசுவத்தில் மறைந்துவிடும் கிழிசலை இழையோட்டி அடைத்துக் கட்டலாம். உடல் முழுதும் போய்விட்டிருந்தாலும், கரையையும் முந்தானையையும் எடுத்துப் பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். அதற்கென்றே தேடி வாங்குபவர்கள் உண்டு. நான் ஆட்சேபிப்பது, "மைனர் டேமேஜ்" என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடும் வழக்கத்தை. கிழிசல் எங்கே இருக்கிறது, எத்தனை அங்குலம், கட்டினால் வெளியே தெரியுமா என்று மூன்று வாக்கியங்கள் எழுதி, அவ்விடத்தின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒரு படமும் எடுத்துப் போட்டுவிட்டால், அந்தக் கிழிசலுக்காக நம்மோடு சண்டைக்கு வருவார் எவருமிலர். விலை சற்றுக் குறையும், மெய்தான். குறையட்டும்.

எண்ணிக்கையில் மிகுதியாக வருவது நிறத்தைப் பற்றிய புகார். "அக்கா, போட்டோவுல நீலமா இருந்துச்சு, பிரிச்சுப் பார்த்தா பச்சையா இருக்கு" என்று ஒருத்தி எழுதினால், நம்மிற் பலர் உடனே, "போட்டோன்னா கலர் கொஞ்சம் மாறத்தான் செய்யும், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று பதில் தட்டிவிடுகிறோம். அது மயில்கழுத்துப் புடவையாக இருக்குமானால் அவள் சொல்வதும் நிஜம், நாம் காட்டிய படமும் நிஜம். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்யப்பட்ட பட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமும் பச்சையுமாக மாறிக் காட்டும். அதுவே அதன் அழகு, அதற்காகவே நம் பாட்டிமார் அதை விரும்பிக் கட்டினார்கள். ஒரு படத்தில் அகப்படுவது அந்த இரண்டில் ஒன்றுதான். டியூப்லைட்டின் கீழ் அரக்கு கறுத்துப்போவதும், வாடாமல்லி வெளிறி ரோஜா நிறமாவதும், கைபேசி தன்னிச்சையாக நிறத்தைத் திருத்திக்கொள்வதும் நாம் தினந்தோறும் காண்பவை. காலை வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு, புடவையை மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டும் சிறு காணொளி ஒன்றும், "இது இருநிறப் பட்டு, நிழலில் பச்சை தூக்கும்" என்ற ஒரு வரியும் இருந்தால் விஷயம் தீர்ந்தது. படத்துக்கு மெருகேற்ற ஃபில்டர் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டொழியுங்கள்.

ஜரிகைக்கு வருகிறேன். அசல் ஜரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. கரையின் உட்புறத்தில் ஓரிழையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளிருந்து சிவந்த பட்டிழை தலைகாட்டும். செம்புக் கம்பி ஜரிகையும், பிளாஸ்டிக் ஜரிகையும் சந்தையில் மலிந்திருப்பதால், கறுத்த ஜரிகையைக் கண்டதும் வாங்கியவள் "இது டூப்ளிகேட்" என்று குமுறுகிறாள். ஆனால் வெள்ளிக்குக் காற்றுப் பட்டுக் கறுக்கும் சுபாவம் உண்டு. வியர்வையும், நேரே பீய்ச்சிய சென்ட்டும் அதை விரைவுபடுத்தும். ஜரிகை கறுத்துவிட்டது என்பதொன்றே அது போலி என்பதற்குச் சாட்சியமாகாது. இதையும் நாம் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, புகார் வந்த பிற்பாடு இந்தச் சாஸ்திரத்தை விரித்தால், அது சமாதானமாக அவள் காதில் விழாது, சாக்காகவே விழும். பட்டு அசலா என்ற சந்தேகத்துக்கும் பழைய பரிசோதனையே போதுமானது: முந்தானைக் குஞ்சலத்தில் இரண்டு இழையை எடுத்துக் கொளுத்தினால், பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து விரலில் பொடியாகும், பாலியெஸ்டர் உருகி முத்தாக இறுகும். இதைக் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சற்றுக் கடுமையாகவே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் சில்க் மார்க் முத்திரை வழக்கத்துக்கு வந்தது 2004-இல். அதற்கு முந்திய புடவையோடு அது வந்திருக்க வழியில்லை. அப்படியிருக்க, வேறொரு புடவையில் தொங்கிய அட்டையைக் கழற்றிப் பழம்புடவையில் மாட்டிப் படம் எடுக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டு என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். எங்கே நெய்தது என்று தெரியாத புடவைக்கெல்லாம் அப்பெயரைச் சூட்டுவதும் அந்த ரகமே. ஊர் தெரியாவிட்டால் "பட்டு" என்று மட்டும் எழுதுங்கள். அசலானது அவ்வளவிலேயே விலைபோகும். "பாட்டியின் கல்யாணப் புடவை" என்ற கற்பனைக் கதையைக் கட்டிவிடுகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உண்மையிலேயே தாயை இழந்த ஒரு பெண், பீரோவில் வைத்துப் பார்த்து அழ மாட்டாமல் அந்தத் தாயின் புடவைகளை நம்மிடம் ஒப்படைக்கிறாள், அவள் சொல்லும் மெய்யையும் நம் பொய் சேர்த்துச் செல்லாக்காசாக்குகிறது.

நீளமும் வாசனையும் சிறு விஷயங்கள். டேப்பை வைத்து நீளம், அகலம் இரண்டையும் அளந்து எழுதிவிடுங்கள். ரவிக்கைத் துண்டு வெட்டப்பட்டதா என்பதையும். ஆறு கஜம் என்று கேட்டு வாங்கியவளுக்கு அரைக் கஜம் குறைந்தால் கொசுவம் நிற்காது. அந்துருண்டை நாற்றமும் ஈரவாடையும் போக நிழலில் காற்றாட விரித்துவிட்டு, பிறகு பார்சல் கட்டுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் புகார் வரும். இரவு பத்து மணிக்கு மேல், பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுக் கைபேசியை எடுக்கும்போது, மூன்று படங்களும் நாலு கோபமான வாக்கியங்களும் வந்து கிடக்கும். அந்நேரத்தில் நமக்குத் தோன்றும் முதல் பதிலை அனுப்பாமலிருப்பதே பெரிய சாமர்த்தியம். "உங்கள் செய்தி கிடைத்தது, நாளைக் காலை படங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்ற ஒரே வரி போதும். காலையில், நாம் அனுப்புவதற்கு முன் எடுத்த படங்களையும் அவள் அனுப்பியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் புடவையை விசாரிக்க வேண்டும். ஆளை விசாரிப்பது அதற்குப் பின். நம்மிற் சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: அவள் முகப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், எந்த ஊர் என்று துருவுகிறோம், "இவளைப் பார்த்தாலே தெரிகிறது" என்று தோழிக்கு எழுதுகிறோம். கறை புடவையில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கும் அவள் முகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பார்சலைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்திருந்தாலொழியப் புகாரை ஏற்பதில்லை என்ற விதி இப்போது நம் எல்லாருடைய பக்கத்திலும் காணப்படுகிறது. அதன் நியாயம் எனக்குத் தெரியாததன்று. பார்சலில் புடவையே இல்லை, வேறு புடவை வந்தது என்று சொல்பவரிடம் வேறெப்படி உண்மையை அறிவது? ஆயினும் வீட்டில் தனியே இருக்கும் வயதான அம்மாள், ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் கைபேசியுமாக நின்று படம் எடுக்க முடியாது. மடிப்பில் இருக்கும் இற்றல் பார்சலைப் பிரிக்கும் ஒரு நிமிஷத்தில் காணொளியில் தெரியவும் தெரியாது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் நமக்கே தெரிந்ததென்று மேலே சொன்னேனே. ஆகவே பார்சல் காணாமற் போனதற்கும் பொருள் மாறியதற்கும் காணொளி கேளுங்கள். நெய்ததில், கட்டியதில், வைத்ததில் உண்டான குற்றங்களுக்கு அதைக் கேட்பது, புகாரைக் கேளாமலிருக்க நாம் தேடிக்கொண்ட உபாயமாகவே முடியும்.

சட்டத்தைப் பற்றியும் நம்மிடையே தெளிவில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளைப் புதிது என்று பொய்யாகக் காட்டி விற்பதை நியாயமற்ற வணிக முறை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படிக் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள்ளும், மறுப்பதையும் அதே வகையில் சேர்க்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. தன் பீரோவில் இருக்கும் இரண்டு புடவைகளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனியாளை இவ்விதிகள் தொடுவதில்லை. தொடர்ச்சியாகத் தொழிலென நடத்துகிறவரைப் பற்றியவையே அவை. வாரந்தோறும் லைவ் போட்டு விற்கும் நாம் எந்த வகுப்பில் சேர்வோம் என்பதை நானா சொல்ல வேண்டும்? "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. 1915 என்ற எண்ணுக்குப் பேசினால் தேசிய நுகர்வோர் உதவி மையம் புகாரைப் பதிவு செய்துகொள்ளும் என்பது வாங்குகிறவர்களில் பலருக்கு இன்று தெரியும். அதற்குப் பயந்து நாணயமாக இருக்கச் சொல்லவில்லை. நாணயமாக இருப்பவளுக்கு அந்த எண்ணைக் கண்டு பயமில்லை என்றே சொல்கிறேன்.

பணம் திருப்பித் தருவதில் நமக்குள்ள உண்மையான கஷ்டம் வேறு. அதை வெளியார் அறியமாட்டார்கள். பெரும்பாலும் நாம் விற்பது பிறர் புடவை. உடையவரிடம் வாங்கி, விற்று, நம் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிடுகிறோம். அந்தப் பணம் அங்கே பள்ளிக் கட்டணமாகவோ மருந்துச் செலவாகவோ போய்விடுகிறது. நாலாம் நாள் புகார் வந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டியது நம் வீட்டு மளிகைப் பணம். நம் பேச்சில் ஏறும் கடுமைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதில் நான் குற்றம் காணமாட்டேன். ஆனால் இதற்குப் பரிகாரம் நம் கையில் இருக்கிறது. புடவையை ஒப்புக்கொள்ளும்போதே உடையவரிடம், வாங்கியவர் கைக்குப் பார்சல் சேர்ந்து ஒரு வாரம் கழித்தே பணம் தருவதென்றும், சொல்லாத குற்றம் வெளிப்பட்டால் புடவை அவரிடமே திரும்பிவரும் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்டதும் "ஒரே முறைதான் கட்டினேன்" என்ற பேச்சு "நாலைந்து முறை கட்டியிருப்பேன், ஒருமுறை பாயசம் கொட்டியது" என்று திருந்துவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பொறுப்பு எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்தவுடன் ஞாபகமும் கூர்மையடைகிறது.

வாங்குகிறவர்கள் எல்லாரும் நியாயஸ்தர்கள் என்று சாதிக்க நான் வரவில்லை. முகூர்த்தத்துக்குக் கட்டி முடித்து, மல்லிகைப்பூ வாசனையும் வியர்வையும் மாறாத புடவையை "கலர் பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முந்தானை மடிப்பில் வெளியே தெரிகிறாற்போல் ஒரு தையல் போட்டு, அது பிரிக்கப்படாமல் இருந்தால்தான் திரும்ப எடுப்போம் என்று அறிவித்துவிட்டால் இத்தகையவர்கள் தாமே விலகிப்போவார்கள். அதற்குமேல் நாம் செய்யும் ஒன்றை என்னால் ஒப்ப முடியாது. ஒரு பெண்ணோடு தகராறு வந்தவுடன் அவள் பெயர், முகப்படம், கைபேசி எண், பார்சலுக்காக நம்பிக் கொடுத்த வீட்டு விலாசம் எல்லாவற்றையும் "மோசடிப் பேர்வழி, ஜாக்கிரதை" என்ற தலைப்போடு நூற்றுக்கணக்கானவர் உள்ள குழுவில் போட்டுவிடுகிறோம். அந்த எண்ணுக்கு இரவில் யார் யாரோ பேசுவார்கள். மாமியாருக்குத் தெரியாமல் பழம்புடவை வாங்கிய பெண்ணாக இருந்தால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். சில நூறு ரூபாய் வழக்குக்கு நாமே நீதிபதியாகி விதிக்கும் தண்டனை இது. அவளுக்கு இனி விற்பதில்லை என்று நாம் தனியே தீர்மானித்துக்கொண்டால் போதுமானது.

ஆகவே, நம் குழுக்களை நடத்தும் சகோதரிகளிடம் இரண்டு விஷயங்களை வேண்டிக்கொள்கிறேன். வாடிக்கைக்காரரின் பெயரும் எண்ணும் விலாசமும் கொண்ட பதிவுகள் இதுவரை எத்தனை இருந்தாலும் அவற்றை அழித்துவிடுங்கள். இனி வருவதை அனுமதிக்காதீர்கள். "நோ ரிட்டர்ன்" என்ற அறிவிப்பை எடுத்துவிட்டு, பார்சல் சேர்ந்த 2 நாட்களுக்குள், தையல் பிரியாத நிலையில், விளம்பரத்தில் சொல்லாத குற்றம் இருந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்றும், போக வர ஆகும் கூரியர் செலவும் நம்முடையதே என்றும் எல்லாரும் ஒரே வாசகத்தை வைத்துக்கொள்வோம்; அந்த 2 நாள் நம் சௌகரியத்துக்கான வழக்கம், சட்டம் தரும் உரிமையைக் குறைப்பதன்று என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கட்டும். ஒருத்தி மட்டும் செய்தால் அவள் நஷ்டப்படக் கூடும். எல்லாரும் செய்தால் அதுவே வழக்கமாகிவிடும். அப்படித் திரும்பி வந்த புடவையை நிழலில் விரித்து, வாங்கியவள் சுட்டிக்காட்டிய இடத்தைப் படமெடுத்து, அவள் எழுதிய குற்றத்தை அவள் வார்த்தையிலேயே விளம்பரத்தில் சேர்த்து, விலையைக் குறைத்து மறுபடி போடுங்கள். அந்த இடத்தைத் தாமே இழையோட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலில் உங்களோடு நிற்கும் சகோதரி